மீனுக்கு எடுத்து வைத்த வெயில்

பாகூரிலிருந்து வில்லியனூர் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் லட்சுமியும் அவள் தோழி கலாவும் இருந்தார்கள். லட்சுமியின் கணவர் பேருந்தில் இல்லை. ஆனால் பேச்சு அவரைச் சுற்றியே போனது.

"இப்பல்லாம் ஐஸே வாங்கறதில்லடி. வெயிலுதான் ராத்திரி முழுக்க மீன கெடாம வெச்சிருக்கு" என்றாள் லட்சுமி.

"இன்னாடி ஒளர்ற? வெயில்ல மீனு நாறும்."

"மாடியில சோலார் போட்டிருக்கோம்ல. பகல்ல பேட்டரியில சார்ஜ் ஏறும். ராத்திரி அதுலதான் மீன் ஃப்ரிட்ஜ் ஓடும்."

"அப்ப நேத்து ஏன் மார்க்கெட்டுக்கு வரல?"

"எங்க வூட்டுக்காரரு, சாமி ஊர்வலத்துக்கு சீரியல் லைட்டு எரியணும்னு எங்கிட்ட சொல்லாம பேட்டரியக் கழட்டிக் குடுத்துட்டாரு. காலையில ஃப்ரிட்ஜத் தொறந்தா ஒரே நாத்தம்."

"அதான் சொல்றேன், பழையபடி ஐஸு வாங்கு."

"போடி. இத்தினி மாசத்துல பேட்டரி இருந்த வரைக்கும் ஒரு மீனு கெட்டுப் போவல. பேட்டரி மேல இன்னா குத்தம்? சாமிக்கு வேணும்னா தனியா ஒன்னு வாங்கட்டும். இது மீனுக்கு."

வில்லியனூரில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கலா கேட்டாள். "போன மீனு எவ்ளோடி?"

"நாலு கிலோ வஞ்சிரம். சாமிக்கு அந்த ஒரு ராத்திரி வெளிச்சம், மூவாயிரத்து இருநூறு ரூபா."