கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளி

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் போகும் பஸ். முன் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட கார் டிரைவரும் அவர் பெண்சாதியும்; அவர் முதலாளி வீட்டுக்கு, அவள் அம்மன் கோயிலுக்கு. அவர் மடியில் கிழிந்த வேட்டி.

"கல்யாண வேட்டியப் போயி கிழிச்சிட்டியேயா" என்றாள் அவள்.

"வண்டி தொடைக்க நைஞ்ச துணிதான்டி தண்ணிய இழுக்கும்."

"போன வாரம் இன்னா பண்ண?"

"கழுவி வெயில்ல நிறுத்திட்டேன். நெல்லு மாரி தானா காயும்னு நெனச்சேன். கெணத்துத் தண்ணி உப்பு. கறுப்பு வண்டி பூரா வெள்ளப் புள்ளி."

"காரையும் கெளறி வுட்டியா, நெல்ல கெளறுற மாரி?"

"சிரிக்காத. இன்னிக்கி சாயந்திரம் மொதலாளி பொண்ணு கல்யாண ஊர்வலம். ஒரு புள்ளி இருந்தாலும் சாவிய வெச்சிட்டுப் போயிடுன்னுட்டாரு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னிக்கி நெழல்ல நிறுத்தி, ஈரம் காயறதுக்குள்ள தொடச்சிடுவேன். ஆனா இந்தப் பக்கம் தொடைக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் காஞ்சிடுது."

அவள் வேட்டியை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"அந்தப் பக்கம் நான் தொடைக்கிறேன். கோயிலுக்கு அப்புறம் போய்க்கலாம்."

"மொதலாளி பாத்தா?"

"பாக்கட்டுமே. அவுரு புள்ளியத் தேடுவாரா, என்னத் தேடுவாரா?"