வளைந்த கழுத்தும் இஸ்திரிக்காரன் கையும்

தண்ணீர்க் குழாயைப் பிடித்த கையால் இன்று தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் எங்கள் நாற்றுப்பண்ணை முதலாளி அம்மா அவர்களே, மண்ணின் மனத்தையும் மழையின் குணத்தையும் படித்த பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பூவாளியைக் கையிலும் சுமக்கும் தாய்மார்களே, விழா முடிந்தால் தேநீர் உண்டு என்ற ஒரே நம்பிக்கையில் விழித்திருக்கும் பின்வரிசை நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சிறந்த நாற்று வளர்ப்பாளர் என்று எனக்குப் பட்டயம் தந்துவிட்டீர்கள். இதை நான் வைத்துக்கொள்ளலாமா? என் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் யார்? இஸ்திரி போடுகிறவன். சுருக்கத்தைக் கண்டால் சும்மா இருக்காத கை இது. கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பண்ணையில் அப்போதே வேலை பார்த்த என் மனைவி முதலாளி அம்மாவிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்குப் பொறுமை ஜாஸ்திம்மா. ஒரு மாசம் வச்சுப் பாருங்க" என்றார். மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். அன்றும் இப்படித்தான் வாய் கூசாமல் சொன்னார்.

ஆறு குழித்தட்டுகளில் அவரைக்கொட்டைகளை விதைத்தேன். மண்ணுக்குள் போன விதை முதலில் என்ன செய்கிறது? குடிக்கிறது. பின்வரிசையில் யாரோ கைதட்டுகிறார். ஐயா, நான் தண்ணீரைச் சொன்னேன். குடித்துக் கொழுத்து, தோலைக் கிழித்து, முதலில் வேரைத்தான் விடுகிறது. காலை ஊன்றிக்கொண்ட பிறகே தலையைத் தூக்க நினைக்கிறது. ஐந்தாம் நாள் காலை முளை வெளியே வந்தது. நிமிர்ந்து வந்ததா? இல்லை. வாளியின் கைப்பிடிபோலக் கழுத்தை வளைத்துக்கொண்டு வந்தது.

வளைந்ததைக் கண்டால் இஸ்திரிக்காரன் விடுவானா? ஒவ்வொரு கழுத்தாக நிமிர்த்தினேன். தலையில் தொப்பியாய் ஒட்டியிருந்த விதைத்தோலையும் உரித்தெடுத்தேன். ஐந்து தட்டு முடிந்ததும் பசி வந்தது, சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கழுத்து ஒடிந்து, குருத்து கிழிந்து, ஐந்து தட்டும் துவண்டு கிடக்கின்றன. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். என் பயிர் முளையிலேயே முடிந்துபோனது.

முதலாளி அம்மா வந்தார். "யார் பண்ணது இது?" நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் வந்தார். "நான்தாம்மா. தட்டை மாத்தி வைக்கும்போது கைதவறிடுச்சு." அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு இந்த வேலை நிலைத்தது. நான் வாயே திறக்கவில்லை.

கை படாமல் தப்பிய ஆறாவது தட்டு எனக்குப் பாடம் எடுத்தது. அந்த வளைவு கூனல் அல்ல, காவல். கூட்டத்தில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, முதுகைக் கொடுத்து வழி உண்டாக்கும் தாயைப் பார்த்திருக்கிறீர்களே, அதேதான். இரண்டு விதையிலைகளுக்கு நடுவில் குருத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு, வளைந்த கழுத்தால் மண்ணை முட்டி வருகிறது முளை. வெளிச்சம் பட்டதும் தானாகவே நிமிர்கிறது. விதையிலைகள் விரிந்து, பச்சையாகி, இருந்ததையெல்லாம் ஊட்டுகின்றன. புது இலைகள் தழைத்ததும் வாடி உதிர்கின்றன. பெயர் கேட்டனவா? பட்டயம் கேட்டனவா? எதையும் கேட்கவில்லை.

தலை நிமிர், தலை நிமிர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவரை முளை என்ன சொல்கிறது? தலைமேல் மண் இருக்கும்வரை குனிந்து வா, வெளிச்சத்தைத் தொட்டபின் நிமிர்ந்து நில் என்கிறது. என் தலைமேல் ஏழு ஆண்டு மண் கிடக்கிறது, நண்பர்களே. முதலாளி அம்மா அவர்களே, அந்த ஐந்து தட்டையும் ஒடித்தது இந்தக் கைதான்.

முதலாளி அம்மா கையை நீட்டிப் பட்டயத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். மன்னியுங்கள் அம்மா, தர மாட்டேன். இது மூன்றாம் வரிசைக்குப் போகிறது. அந்த வரிசையைப் பார்த்து, இத்தனை பேர் முன்னால், இதோ என் கழுத்தை வளைக்கிறேன். செய்தது தப்பு. சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

என்ன சொல்கிறார் என் மனைவி? கொஞ்சம் அமைதியாக இருங்கள், எனக்குக் கேட்கவில்லை.

"போதும், நிமிருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்கிறார்.

நிமிர்ந்துவிட்டேன். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, காத்திருக்கும் தேநீருக்கு வழிவிடுகிறேன். வணக்கம்.