கேட் பாஸில் ஒரு கையெழுத்து

மேட்டூரிலிருந்து சங்ககிரி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"பதினோரு வருசமா படிக்காமத்தானுங்க கையெழுத்துப் போட்டேன்."

"எதைங்க?"

"அதாங்க, லோடு வெளிய போற கேட் பாஸை. லாரியை நிறுக்கற எடைமேடை ரிப்பேரானப்ப, லோடைப் பார்த்து என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. மேடை அடுத்த வாரமே சரியாயிருச்சு. என்னைய நிறுத்தச் சொல்ல மறந்துட்டாங்க."

"அப்புறம்?"

"வேலை நடைமுறையைத் திருத்த வந்திருக்கற அம்மா, இந்தக் கையெழுத்து எதுக்குன்னு கேட்டாங்க. வேலை போனாலும் போவுதுன்னு உள்ளதைச் சொல்லிட்டனுங்க. சிரிச்சுட்டு, அந்தக் கையெழுத்தை மட்டும் எடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட உக்காந்திருக்காம, இன்னிக்குத்தான் நேரத்துக்கு ஊட்டுக்குப் போறேன்."

மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாளைக்கு நானும் சொல்லிடறனுங்க. உங்க கையெழுத்தை நம்பி, நானும் அதே பாஸ்ல படிக்காமத்தான் சீல் குத்தறேன்."