பின்னால் நடந்து வந்தவர்

வேங்கிக்காலில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எந்தக் கதை எழுதினாலும் மொதல்ல மலைக்குத்தான் படிச்சுக் காட்டுவேன்” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். தூங்கப் போன நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“மலைக்கா?”

“ஆமா. பௌர்ணமிக்கு கிரிவலம் போறப்போ, போனைப் பாத்து முணுமுணுன்னு படிச்சிக்கினே நடப்பேன். இந்த வாட்டி, செத்துப்போன எங்க பாப்பாவப் பத்தி எழுதியிருந்தேன்.”

“வீட்டுக்காரர் படிச்சாரா?”

“அவரா? பாப்பா பேரையே வீட்ல எடுக்கக் கூடாது. கிரிவலத்துலயும் பத்தடி பின்னாடிதான் வருவாரு. பாதி படிக்கிறப்போ அழுகை வந்து நிறுத்திட்டேன். பின்னாடியிருந்து, ‘நிறுத்தாத. கொஞ்சம் சத்தமா படி, சரியா கேக்கல’ன்னாரு.”

தோழி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.