பிராக்கெட்டுக்கு முன்னால ஒரு எடம்

…அதத்தான் தம்பி நானும் சொல்றேன். அந்த மெஷின் பார்க்க விடுது, எழுத விடல. நாலு நாளா இதே கூத்து. நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க, போற வழியெல்லாம் வளைவு, எனக்குப் பழகிப்போச்சு. பைய மடியில வச்சுக்கங்க, மேல வச்சா யார் தலையிலயாச்சும் விழும். கண்டியிலருந்து காலையில கெளம்பி வந்த மனுசன, பதுளை ஸ்டாண்டுல ஒரு பிளேன்டி குடிக்க விடாம லுணுகலை பஸ்ல ஏத்திட்டாளே இந்த பாக்கியம் டீச்சர்னு மனசுக்குள்ள வையிறீங்க. வையிங்க. நானும் ஒங்கள நாலு நாளா வஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

பின்ன என்ன தம்பி. தை மாசம் வந்தீங்க, சங்கத்துக் கம்ப்யூட்டர் ரூமுல இருந்த ஆறு பழைய மெஷினுக்கும் லினக்ஸ் போட்டீங்க. மூலையில இருக்கிற பெரிய மெஷின்ல ஒரு ஃபோல்டர், மத்த அஞ்சு மெஷினும் வயர் வழியா அதத் தொறந்து அதுக்குள்ளயே எழுதும், பிரிண்டர் அங்கதான் இருக்கு, எழுதினது அப்படியே அச்சாகும். எவ்வளவு லேசா இருந்துச்சு. ஏழு மாசம் ஒரு தும்மல் கெடையாது. சேந்தன் தம்பி செஞ்ச வேலைன்னா தங்கம்னு லுணுகலை பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். செவ்வாக்கெழம காலையில, டைப் அடிக்கிற அஞ்சு புள்ளைங்கள்ல விதுஷா, வேலை பார்த்துக்கிட்டு இருந்தவ, டீச்சர், சேவ் ஆகுதில்லன்னா. ஒனக்கு எதுதான் ஒழுங்கா ஆச்சுன்னு நான் போய்ப் பார்த்தா... எனக்கும் ஆகுதில்ல. ஃபோல்டர் தெரியுது. உள்ள போகுது. எல்லாம் வாசிக்க முடியுது. ஒரு எழுத்து மாத்தி வச்சா மட்டும், வாசிக்க மாத்திரம்தான்னு இங்கிலீசுல ஒரு வரி வந்து மூஞ்சில அடிக்குது.

எந்த வாரம் பாருங்க. ஒங்களுக்கு போன்ல சரியாச் சொல்லல போல. சுத்து வட்டாரத் தோட்டத்துல ஓ.எல். பரீட்சை எழுதப் போற புள்ளைங்க நூத்திப் பன்னெண்டு பேருக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பம். பாதிப் பேருக்கு பேர்த் சர்டிபிகேட்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல இன்னொரு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடிதம், ஒரு சத்தியக் கடதாசி, எல்லாம் திங்கக்கெழம ஆபீஸ்ல இருக்கணும். அட்டை வராட்டி பரீட்சை மண்டபத்துல உக்கார விடமாட்டாங்க. எனக்குத் தெரியும் தம்பி. என்னையே விடல. பாக்கியலெட்சுமிங்கிறதுல ஒரு எழுத்த எவனோ ஒரு கிளாக்கர் முழுங்கிட்டான், ஒரு வருசம் போச்சு. கூடப் படிச்சதுக எல்லாம் பரீட்சைக்குப் போக, நான் லயத்து வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நெனைச்சேன், நான் எழுதுறதுல ஒரு புள்ளி தப்பக் கூடாதுன்னு. பத்தொம்பது வருசம் டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்தேன், பசறையில கேட்டுப் பாருங்க, பாக்கியம் டீச்சர்கிட்ட தட்டினவ தாள் எப்படி இருக்கும்னு.

ஆங்... மெஷினுக்கு வர்றேன். என்னவெல்லாம் பண்ணேன்னு கேளுங்க. வயர எல்லாம் கழட்டி மாட்டினேன். அந்தப் பச்ச வெளிச்சம் மினுக்குற பொட்டி இருக்குல்ல, அதுக்குள்ள பல்லி முட்டை வச்சிருந்துச்சு, அதுதான் காரணம்னு எடுத்து வீசினேன். பல்லிதான் பாவம். ஒங்க கொப்பியில எழுதி வச்சிருந்தபடி பிங் அடிச்சு மெஷினக் கூப்பிட்டுப் பார்த்தேன், டக்கு டக்குன்னு பதில் வருது. ஃபோல்டர் பூட்டிக் கெடக்குன்னு நெனைச்சு அனுமதி நம்பரா மூணு ஏழு போட்டுத் தொறந்து விட்டேன். யாரு வேணா எழுதலாம், எடுக்கலாம், அழிக்கலாம். அப்பவும் வாசிக்க மாத்திரம்தான். நம்ம தலைவர் சிவசுப்பிரமணியம் ஐயா வந்து நின்னு, கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கோ டீச்சர்ங்கிறாரு. மெஷின் என்ன பஸ்ஸா ஆறவிட. ஆனா ஐயா சொன்னாரேன்னு அரை மணித்தியாலம் ஆறவும் விட்டேன்.

அஞ்சு மெஷினும் சும்மா கெடக்க, அஞ்சு புள்ளைங்களும் பெரிய மெஷினுக்கு முன்னால தோட்டத்துல காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குதுக. ஒருத்தி தட்ட, நாலு பேரு வேடிக்க. பிளாப்பியில ஏத்திக் கொண்டு வரலாம்னா, ஏழு பிளாப்பியில ரெண்டுதான் வாசிக்குது. புதன்கெழம பொழுது சாயுறப்ப எண்ணிப் பார்க்கிறேன், ஒம்பது விண்ணப்பம். நூத்திப் பன்னெண்டுல ஒம்பது.

அப்பத்தான் ஒங்களுக்கு போன் போட்டேன். எந்த மெஷினுக்கு என்ன அனுமதின்னு எழுதியிருக்கிற அந்த எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலத் தொறந்து எழுத்து எழுத்தா வாசிங்க டீச்சர்னீங்க. வாசிச்சேன். நம்ம மெஷினுக நம்பர், புள்ளி, நம்பர், சரிவுக்கோடு, இருபத்திநாலு, பிராக்கெட்டு, ஆர், டபிள்யூ, அதான் வாசிக்கவும் எழுதவும் விடுறது, பிராக்கெட்டு மூடு. ஓம், ஓம், சரியாத்தான் கிடக்குதுன்னீங்க. ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னீங்க, வாசிச்சேன், அப்பவும் ஓம். நீங்க சரிங்கிறீங்க, மெஷின் தப்புங்குது. நான் யாரத்தான் நம்புறது. அதான், நீங்களே வந்து ஒங்க கண்ணால பாருங்கன்னேன்.

இல்ல தம்பி, இன்னும் இருக்கு. ஷுக்ரி கதை இருக்கு.

ஷுக்ரிய ஒங்களுக்குத் தெரியுமே, சங்கத்துல வேலை பார்க்கிறவரு, தை மாசம் ஒங்களுக்கு வயர் இழுத்துக் குடுத்தாரே, ஒல்லியா, உசரமா. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. செவ்வாக்கெழம காலையில எங்களுக்கெல்லாம் முன்ன வந்து, பெரிய மெஷின நிப்பாட்டி, மூடியக் கழட்டி, பெயின்ட் அடிக்கிற பிரஷால தூசி தட்டி மாட்டியிருக்காரு. அதுக்கு அப்புறம்தானே இந்தப் பிரச்சினை. திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்த மெஷின், செவ்வாக்கெழம காலையில இல்ல. நடுவுல கை வச்சது யாரு. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க. புள்ளைங்க முன்னால கேட்டுட்டேன், தெரியாத எடத்துல ஏன் கை வைக்கிறீங்கன்னு. தூசி மட்டுந்தான் டீச்சர் தட்டினேன்னாரு. அதோட விட்டிருக்கலாம். நான் விடுவேனா. ஐயாவுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அடிச்சேன். பெரிய மெஷின்லதான் அடிச்சேன், வரிசையில நின்ன புள்ளைய நகரச் சொல்லிட்டு. மூணு பிரதி. மார்ஜின் எல்லாம் அவ்வளவு அழகு. ஐயா அத வாசிச்சுட்டு, விசாரிக்கிற வரைக்கும் வீட்டுல நில்லும் ஷுக்ரின்னுட்டாரு. அவரு அந்த பிரஷ மேச மேல வச்சுட்டுப் போனாரு. நேத்து அவரு சம்சாரம் மர்லியாவக் கடைத்தெருவுல பார்த்தேன். மூஞ்சத் திருப்பிக்கும்னு பார்த்தா, மெஷின் சரியாயிருச்சா டீச்சர்னு கேக்குது தம்பி. நெசமாவே கேக்குது. புள்ளைங்க விண்ணப்பம் என்னாகுமோன்னு அதுக்குக் கவலை.

பசறை வந்துருச்சு. பஸ் கொஞ்ச நேரம் நிக்கும், எறங்கி ஒரு பிளேன்டி குடிச்சுட்டு வாங்க. இல்ல, வேணாம், உக்காருங்க. நீங்க எறங்கினா நான் சொல்ல வந்தத சொல்லாம விட்டுருவேன். தம்பி, இந்த வடைய எடுங்க. சூடா இருக்கு, எடுங்க. ஒரு கடி கடிச்சுக்கங்க.

மெஷின் சரியாயிருச்சு.

பொறுங்க, பொறுங்க, மெதுவா முழுங்குங்க. இந்தாங்க தண்ணி. இன்னைக்குக் காலையில எட்டரைக்கே சரியாயிருச்சு. ஒங்க கைபோன் அடிச்சுப் பார்த்தேன், நீங்க எந்த மலைக்கு நடுவுல வந்துக்கிட்டு இருந்தீங்களோ, கெடைக்கல. அதான் நானே பதுளைக்கு ஓடி வந்தேன். ஸ்டாண்டுலயே சொல்லியிருந்தா நீங்க அடுத்த பஸ்ல கண்டிக்குத் திரும்பியிருப்பீங்க. எனக்கு நீங்க வேணும். ஏன்னு சொல்றேன்.

ஆறு மெஷினும் இப்ப ஓடுது தம்பி. அஞ்சு புள்ளைங்களும் அஞ்சு மெஷின்ல ஒண்ணா சேவ் அடிச்சாங்க, பெரிய மெஷின்ல அஞ்சும் வந்து உக்காந்துச்சு. விதுஷா என் இடுப்பக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்தினா. நாப்பத்தாறு வயசுல நானும் சுத்தினேன், செருப்பு ஒண்ணு மேசைக்கு அடியில போயிருச்சு. நான் பஸ் ஏறுறப்ப நாப்பதத் தாண்டிட்டாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நூத்திப் பன்னெண்டும் முடிஞ்சுரும். பிரிண்டர் இந்த நிமிசம் கடகடன்னு ஓடிக்கிட்டு இருக்கும். நெனைக்க நெனைக்க எனக்குச் சிரிப்பா வருது, பக்கத்து சீட்டு அம்மா என்னைய ஒரு மாதிரியாப் பார்க்கிறாங்க.

எப்படிக் கண்டுபுடிச்சேனா. காலையில ஒங்களுக்குக் காட்டுறதுக்குன்னு அந்த எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல அச்செடுத்தேன். நீங்க தை மாசம் அச்செடுத்துக் குடுத்த தாள் எங்கிட்ட பத்திரமா இருக்கு. டைப் பரீட்சைத் தாள் திருத்துறப்ப நாங்க ஒண்ணு செய்வோம். சரியான தாள அடியில, புள்ளையோட தாள மேல, ரெண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில ஒட்டிப் புடிச்சா, வெளிச்சத்துல எந்த எழுத்து நகர்ந்திருக்குன்னு காட்டிக் குடுத்துரும். சும்மா புடிச்சேன். நம்பர் மேல நம்பர், புள்ளி மேல புள்ளி, கோடு மேல கோடு. பிராக்கெட்டு மட்டும் ரெண்டு ரெண்டாத் தெரியுது. என் தாள்ல பிராக்கெட்டு ஒரு எழுத்து தள்ளி நிக்குது. அந்த எடத்த அழிச்சுட்டு மெஷின நிப்பாட்டித் தொறந்தேன், சரியாயிருச்சு.

ஏன் தள்ளி நிக்குது. நான் தள்ளினேன் தம்பி.

சிரிக்காதீங்க. ஐயா எல்லா ஃபைலையும் அச்செடுத்து ஆவணக் கோப்புல போடச் சொன்னாரு. அதுக்குன்னு போன சனிக்கெழம ஒவ்வொண்ணாத் தொறந்தேன். இந்த ஒரு வரி என் கண்ண உறுத்துச்சு. நம்பரோட ஒட்டிக்கிட்டு பிராக்கெட்டு. பிராக்கெட்டுக்கு முன்னால ஒரு எடம் விடணும், பத்தொம்பது வருசமா அதுக்கு மார்க்கு வெட்டியிருக்கேன் நான். பாவம், சேந்தன் தம்பிக்கு டைப் பழகக் கெடைக்கலன்னு நெனைச்சு ஒரு எடம் விட்டு, சேவ் பண்ணி... மறந்தே போயிட்டேன். சனி, ஞாயிறு, திங்கள் ஒண்ணும் ஆகல. பெரிய மெஷின ராத்திரியிலயும் நிப்பாட்டுறதில்ல, நிப்பாட்டித் தொறந்தாத்தானே அந்த வரியத் திரும்ப வாசிக்கும். செவ்வாக்கெழம ஷுக்ரி தூசி தட்ட நிப்பாட்டினாரு. தொறக்கிறப்ப கறுப்புத் திரையில ஏதோ ஒரு எச்சரிக்கை ஓடுச்சாம், அத யாரு வாசிச்சா. போன்ல நான் வாசிச்சதும் சரி, நீங்க கேட்டதும் சரி. வெறும் எடத்த எப்படித் தம்பி வாசிக்கிறது. அதுக்கு ஏது சத்தம்.

என்ன சொல்றீங்க... எடம் விட்டா நம்பர் ஒரு ஆளு, பிராக்கெட்டு தனியா இன்னொரு ஆளுன்னு மெஷின் எடுத்துக்குமா. அப்ப அந்த ஆர் டபிள்யூ நம்ம மெஷினுக்கு இல்லையா. பின்ன யாருக்கு.

ஒலகத்துக்கா.

அட கடவுளே. நம்ம புள்ளைகளுக்கு வாசிக்க மாத்திரம், ரோட்டுல போறவனுக்கெல்லாம் எழுதலாம்னு பலகை போட்டு வச்சிருக்கேனா நான். யாரும் வந்திருப்பானா. இல்லையா. வெளி வயர் எதுவும் கெடையாது, ஆமா, இன்டர்நெட்டு ஷுக்ரி போன் வயர மாட்டினாத்தான் வரும். அவரத்தான் நான் வீட்டுக்கு அனுப்பிட்டேனே. நல்லவேளை... நீங்க சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. எனக்கும் அடக்க முடியல.

இனி விசயத்துக்கு வர்றேன். நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஷுக்ரி மேல தப்பு இல்ல, மெஷின் தானாக் கெட்டுச்சு, தானாச் சரியாச்சுன்னு. கண்டியில படிச்ச எஞ்சினியரு சொன்னா ஐயா கேப்பாரு. நான் விட்ட எடம் நமக்குள்ள இருக்கட்டும். புள்ளைங்களுக்கும் தெரியாது, எல்லாம் சரியாயிருச்சுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். ஒரு புள்ளி தப்பினாலும் தாளக் கிழிச்சுப் போடுறவ நான், அதுக முன்னால போயி... அப்படிப் பார்க்காதீங்க தம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழி சொல்லி வச்சிருக்கேன்.

எறங்குங்க, லுணுகலை வந்துருச்சு. பார்த்து, படி வழுக்கும். அந்தா ஷுக்ரி நிக்கிறாரு பாருங்க, எஞ்சினியர் வர்றாருன்னு நான்தான் காலையில சொல்லி அனுப்பினேன். வெள்ளச் சட்டை போட்டு, விசாரணைக்கு வந்த மாதிரி... கையில என்ன அது. அவரு எழுதி வச்ச கொப்பியா. செவ்வாக்கெழம என்னென்ன கழட்டினாரு, என்னென்ன மாட்டினாருன்னு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு வந்திருக்காரு, ஒங்ககிட்டக் காட்ட. நாலு நாளா வீட்டுல உக்காந்து இதத்தான் எழுதினாரா.

தம்பி, நீங்க பேசாதீங்க. நில்லுங்க. ஐயாகிட்டயும் நீங்க சொல்ல வேணாம், அந்த முறைப்பாட்டுக் கடிதத்த நானே போய்த் திரும்ப வாங்கிக்கிறேன்.

ஷுக்ரி, இங்க வாங்க. அந்தக் கொப்பிய மூடுங்க, அவருக்குக் காட்ட வேணாம். மெஷின் சரியாயிருச்சு. நீங்க ஒண்ணும் பண்ணல, தூசிதான் தட்டினீங்க. நான்தான் அந்த ஃபைல்ல பிராக்கெட்டத் தள்ளி வச்சேன். புள்ளைங்க முன்னால ஒங்கள வஞ்சேன்ல, அதுக முன்னாலயே சொல்றேன், வாங்க போவோம். …என்னது. எத்தன எடம் தள்ளினேனா.

ஒண்ணுதாங்க. ஒரே ஒரு எடம்.