ஜானகியம்மாள் பேர் போட்ட டியூப்

இல்லீங்க, அந்தப் புரபசர் தரணீதரன் சொல்றது பொய்யிங்க, எனக்கு மறதியும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது. "பெருசுக்கு மூளை கலங்கிருச்சு, அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிக்குது"ன்னு இதே ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்து சொல்லிட்டுப் போனாராமா. மூளை கலங்குனவனுக்கு அவரு பேண்ட்டு ஜிப்பு தொறந்திருந்தது எப்படிங்க கண்ணுல பட்டுச்சு? என்ற ஊட்டுக்கு வந்தன்னைக்கு வந்ததுலருந்து போற வரைக்கும் தொறந்தேதான் கெடந்துச்சு. நானும் சொல்லல, கூட வந்தவியளும் சொல்லல. அவியளுக்குப் பயம், எனக்கு வேடிக்கை.

சரிங்க ஏட்டையா, சரிங்க. பேரு மொதல்ல. போனு ஓடுதுங்களா? பேசறது அப்படியே பதிவாகுதுங்களா? ஆகட்டும்.

என்ற பேரு மயில்சாமி. அப்பன் பேரு குமாரசாமி. வயசு எழுபத்திமூணு. வேலம்பாளையத்துல பஸ் ஸ்டாப்புக்குப் பொறவால சந்துல கடைசி ஊடு. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன், வாத்தியாருக்கு என்மேல பிரியம் ஜாஸ்தி, மறுக்கா மறுக்கா அஞ்சாவதுலயே உக்காத்தி வெச்சாரு. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தேன், கை நடுங்குதுன்னு நிறுத்திப்போட்டாங்க. அதுக்கப்பறம் வேலைன்னு ஒண்ணுமில்ல, தெருவுல போற வாறவியளக் கிண்டல் பண்றதோட சரி. அதுக்குச் சம்பளமில்லீங்க.

நித்யஸ்ரீங்கற புள்ள என்ற ஊட்டுக்கு வந்தது ஆடி நோம்பிக்கு முன்னால. காலேஜுல ஆராய்ச்சி பண்ணுதாமா. கதவத் தட்டி, "சார், டூ மினிட்ஸ்"னுச்சு. சார்னு என்னைய யாரும் கூப்பிட்டதில்ல, பின்னால யாராச்சும் நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தேன். புள்ள சிரிச்சுப்போட்டு, "அப்புச்சின்னு கூப்புடலாங்களா?"ன்னு கேட்டுச்சு. கூப்புடு அம்மிணின்னேன்.

அதுக்கப்பறம் அது சொன்னது என்னன்னா, நம்ம ஒடம்புல செல்லுன்னு இருக்குதாமா, அதுக்குள்ள நூலாட்டம் ஒண்ணு இருக்குதாமா, வயசாக ஆக அந்த நூலோட நுனி தேயுமாமா. டிராக் பேண்ட்டு இடுப்புக் கயித்து நுனியில பிளாஸ்டிக்கு மாட்டுவோமல்லங்க, அது கழண்டா கயிறு பிரியுமல்ல, அப்படின்னு வெச்சுக்கங்க. ஒண்டியா இருக்கறவியளுக்கு அந்த நுனி வெரசாத் தேயுதா, குடும்பமாட்ட இருக்கறவியளுக்கு மெதுவாத் தேயுதான்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி. அதுல பஞ்சுத் தூசி ஏறுன நுரையீரல் பாக்கறதுக்கு ஒரு டாக்டரு, செலவப் போடறதுக்கு ஒரு கம்பெனி ஓனரு. சேந்து இருந்தா ஒடம்பு நல்லாருக்கும்னு காலேஜே சொல்லிப்போட்டா, வேலையாளுகளப் பூராவும் ஹாஸ்டல்ல அடைச்சு லீவு எடுக்காமப் பாத்துக்கலாமல்லங்க, அது ஓனரோட ஆராய்ச்சி.

அதுக்கப்பறம் புள்ள கேட்டுச்சு, "அப்புச்சி, நீங்க ஒண்டியாத்தான் இருக்கறீங்களா?"

தப்பாக் கேக்கலீங்க. ஆனா எழவு ஊட்டுல கேக்கறாப்புல கொரலத் தாழ்த்திக் கேட்டுச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. "ஒண்டியாவா? உள்ள ஒரு பட்டாளமே இருக்குது"ன்னேன். நான், சம்சாரம் ஜானகியம்மாள், மவன் சிவபிரகாஷ், மருமவ சண்முகப்பிரியா, எங்க அக்கா பூவாத்தாள், ஆக அஞ்சு பேருன்னேன். சும்மா ஒரு லொள்ளுக்குத்தான் சொன்னேன். அது நம்பும்னு நெனைக்கலீங்க. கண்ணு ரெண்டும் விரிஞ்சுபோச்சு அதுக்கு. "இந்த ஏரியாவுல கூட்டுக்குடும்பமே கெடைக்கலீங்க அப்புச்சி, அஞ்சு பேருகிட்டயும் சாம்பிள் எடுத்துக்கறேன்"னுச்சு.

அன்னைக்கு என்னோடத எடுத்துச்சு. முனையில பஞ்சு வெச்ச ஒரு குச்சி, அத வாய்க்குள்ள கன்னத்துல தேச்சு, டியூப்புல போட்டு, மேல பேரு ஒட்டி வெச்சுக்கும். மத்தவியள எங்கீங்கன்னுச்சு. வேலைக்குப் போயிருக்காங்க, சம்சாரத்துக்கு வெளியாளுன்னா கூச்சம், டியூப்பக் குடு, நான் வாங்கி வெக்கறேன், வர்ற வாரம் வான்னேன். தன் கையாலதான் எடுக்கோணுமாமா, யோசிச்சுச்சு, அப்பறம் பெரியவங்க சொல்றீங்கன்னு குடுத்துட்டுப் போச்சு. அது பண்ணுன தப்பு அது ஒண்ணுதானுங்க. என்னைய நம்புனது.

அடுத்த வாரம் வருமேன்னு ஜானகியோட சீலை ஒண்ணப் பொட்டியிலருந்து எடுத்து, சோப்புப் போட்டு அலசி, வாசல்ல கொடியில போட்டேன். பொம்பளை இருக்கற ஊடுன்னு தெரியோணுமல்ல. காஞ்சதுக்கப்பறம் எடுத்து மோந்து பாத்தா வெறும் சோப்பு வாசந்தான் அடிச்சுது. அது கேசுக்குத் தேவையில்லீங்க, எழுத வேண்டாம்.

புள்ள வந்து உக்காந்துச்சுன்னா நான் உள்ள பாத்து, "ஜானகி, ரெண்டு டீ"ன்னு சத்தம் போடுவேன். அதுக்கப்பறம் நானே உள்ள போயி, டீயப் போட்டு, போசிப் பாத்திரத்த ரெண்டு தட்டு தட்டி, "சக்கரை பத்தாது போ"ன்னு நானே திட்டிட்டு எடுத்துட்டு வருவேன். "அம்மாயி டீ சூப்பருங்க"ன்னு புள்ள உள்ள பாத்துச் சொல்லும். "அவளுக்குக் காது கேக்காது கண்ணு"ம்பேன்.

டியூப்ப ஒரே நாள்ல குடுக்கலீங்க. வாரம் ஒண்ணு. குடுத்துட்டா அது எதுக்கு வரப்போவுது? மருமவளுக்குக் காய்ச்சலும்பேன். மவன் காதர்பேட்டைக்குச் சரக்கு போடப் போயிருக்கான்ம்பேன். சாப்புட்ட கையோட எடுக்கக் கூடாது, வாயக் கொப்புளிச்சுட்டு எடுக்கோணும்னு அது சொன்ன முறையில ஒண்ணையும் விடல. ஜானகி டியூப்புக்கு மட்டும் குச்சிய மெதுவாத் தேச்சேன். அவளுக்குக் கடவாப்பல்லுல வலி இருந்துச்சுங்க.

அஞ்சு டியூப்பும் போனதுக்கப்பறம் கொஞ்ச காலம் புள்ள வரல. அதுக்கப்பறம் ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோட வந்து, என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சுச்சு. ஒரு பெரிய ஓட்டல்ல ஓனருங்க டாக்டருங்க முன்னால அதோட காலேஜுப் புரபசரு தரணீதரன் படம் போட்டுப் பேசுனாராமா. இந்த ஊட்டுல அஞ்சு பேருக்கும் நூல் நுனி தேயாம இருக்குது, அதுவும் அஞ்சு பேருக்கும் ஒரே அளவு, ரத்த சம்பந்தமே இல்லாத புருசன் பொண்டாட்டிக்குக் கூட ஒரே அளவு, ஒண்ணா வாழ்ந்தா செல்லு கூட ஒண்ணாயிருதுன்னு சொன்னாராமா. எல்லாரும் கை தட்டுனாங்களாமா.

நான் சிரிச்ச சிரிப்புல பொரையேறிப்போச்சுங்க. அப்பவே சொல்லியிருக்கோணும். வாயத் தொறந்தேன். ஆனா புள்ள பாக்ஸைத் தொறந்து, "இது அம்மாயிக்கு, இது அண்ணனுக்கு, இது அக்காவுக்கு"ன்னு பிரிச்சு வெச்சுக்கிட்டு இருந்துச்சு. வாய மூடிக்கிட்டேன். அத்தனையும் நான்தான் தின்னு தீத்தேன், சக்கரை வியாதியோட.

அதுக்கப்பறம் அந்த டியூப்பெல்லாம் சரி பாக்கறதுக்குப் பெங்களூருக்கு வேறொரு லேபுக்குப் போச்சு. அஞ்சும் ஒரே ஆளு, ஜானகியம்மாள் பேரு போட்ட டியூப்புல இருக்கறது ஆம்பளைன்னு அவிய எழுதி அனுப்பிச்சுட்டாங்க. கை தட்டு வாங்குனவரு சும்மா இருப்பாருங்களா? காலேஜு ஆளுக மூணு பேரக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கே வந்துட்டாரு. "உங்க சம்சாரம் எங்க?"ன்னு வாசல்ல நின்னு கேட்டாரு.

சந்து பூராவும் எட்டிப் பாக்குதுங்க. பக்கத்து ஊட்டு மாரக்காள் கைய முந்தானையில தொடைச்சுக்கிட்டு என்னையவே பாக்கறா. நான், "அவினாசிக் கோயிலுக்குப் போயிருக்கா, செத்த நேரத்துல வந்துருவா"ன்னேன். வெளிய போயி அவியளாக் கேட்டப்பத்தான் மாரக்காள் சொல்லியிருக்கறா, அந்தக்கா போயிச் சேந்து வருசமாச்சுன்னு. ஊட்டுல ஆளே இல்லீன்னு தெரிஞ்சதும் புரபசரு என்ன பண்ணுனாரு? கிறுக்கன் ஊட்டு அட்ரஸப் போட்டு, எவனோ ஒருத்தன் எச்சில அஞ்சு டியூப்புல அடைச்சு நித்யஸ்ரீ மோசடி பண்ணிருச்சுன்னு புகாரக் குடுத்துப்போட்டாரு. படிப்பும் போயி, கேசும் வருமாமா அதுக்கு.

அன்னைக்குச் சாயந்திரமே புள்ள போன் பண்ணுச்சு. அழுதுட்டு, "அப்புச்சி, சிவபிரகாஷ் அண்ணன்கிட்டக் குடுங்க, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அவன் வெளிய போயிருக்கான் கண்ணு, வந்ததும் சொல்றேன்"னு வெச்சுப்போட்டேன்.

என்னங்க ஏட்டையா? சுருக்கமாவா? இதுக்கு மேல எப்படிங்க சுருக்கறது. கட்டிங் மாஸ்டருங்க நானு, துணி வீணாகாமத்தான் வெட்டறேன்.

கேளுங்க, கேளுங்க. ஊட்டுல எத்தனை பேரா?

இப்பத்தி நெலவரம்னா... மவனும் மருமவளும் எத்தியோப்பியாவுல இருக்கறாங்க. அங்க ஒரு கார்மெண்ட்ஸ்ல மேனேஜரு அவன். ஞாயித்துக்கெழமை பேசுவான், அங்க கரண்ட்டு இருந்தா. அக்காவச் சேவூர்ல கட்டிக் குடுத்துருந்துச்சு, அவளும் போயிட்டா. ஜானகி கொரோனாவுல ஜி.எச்.ல. மொகத்த மூடித்தான் குடுத்தாங்க.

ஆமாங்க. எண்ணிக்கையாச் சொல்லோணுமா. போனுக்குக் கேக்கற மாதிரியா.

நான் ஒருத்தன்தானுங்க. வேற ஆருமில்லீங்க. அஞ்சு டியூப்புலயும் இருக்கறது என்ற எச்சிலு, என்ற கையால எடுத்தது, நித்யஸ்ரீக்கு அது தெரியாது. நம்பிக்கை இல்லீன்னா இப்பவே குச்சியக் கொண்டாங்க, வாயத் தொறக்கறேன். ஆ...

போதுங்களா? இல்லீங்க, அவ்வளவுதான்னு சொல்லாதீங்க, இன்னொண்ணு இருக்குது. எந்திரிக்காதீங்க ஏட்டையா. வெளி பெஞ்சுல உக்காந்திருக்கறது அந்தப் புள்ளையும் அவங்கப்பாவும்தானுங்களே? போகச் சொல்லப் போறீங்களா? நல்லதுங்க, அதுக்குத்தானே வந்தேன். ஆனா ஒரு சந்தேகம், அதையும் சேத்து எழுதிக்கங்க. நான் ஒண்டிக்கட்டை, அப்பறம் என்ற நூலு நுனி ஏன் தேயாம இருந்துச்சு? டியூப்பு குடுத்த வாரமெல்லாம் ஊட்டுல ஆளிருந்தாப்புலதானுங்க இருந்துச்சு. புரபசரு சொன்னதுல அது மட்டும் பொய்யில்லியோ என்னமோ. நித்யஸ்ரீகிட்டக் கேட்டா சொல்லும். நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க ஏட்டையா, ஏட்டையா...

போயிட்டாரு.

புள்ளையும் எந்திரிச்சிருச்சு. அவங்கப்பா இந்தப் பக்கம் பாக்கறாரு. அது பாக்கல. பாக்க வேண்டாம், போகட்டும்.

போனு இன்னும் ஓடுதாட்ட இருக்குது, சேப்பு லைட்டு எரியுது. இத நிறுத்தத் தெரியாதுங்க எனக்கு. மயில்சாமியாகிய நான் இது வரைக்கும் சொன்னது அத்தனையும் நெசம், ஆரும் அடிச்சோ மெரட்டியோ சொல்லல. கையெழுத்துப் போட வரும். ஆராச்சும் வந்து எங்க போடறதுன்னு காட்டுனா, அதுக்கப்பறம்...