நான்கு வாசல் பலகை

எக்ஸ்டென்ஷன் போர்டில் எத்தனை பிளக் செருகலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. ஓட்டை இருந்தால் செருகிவிடுவார்கள். உங்கள் மேஜைக்கு அடியிலும் அப்படித்தான் தொங்குகிறது ஐயா; உட்காரும்போதே பார்த்தேன். டிவி பழுதுபார்க்கிறவன் கண் முதலில் அங்கேதான் போகும். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தவர் என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கி, டிவியில் மாட்டி ஓட்டுகிற, நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் முதுகில் ஒரே ஒரு வாசல். கூடுதல் மெமரி, பிரின்டர், டிஸ்க் டிரைவ், எது வேண்டுமானாலும் அதன் வழியாகத்தான். ஒன்றின் வாலில் அடுத்ததைச் செருகி ரயில்பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டே போக வேண்டும். மேஜையில் முழங்கை பட்டால் போதும், கடைசிப் பெட்டி ஆடும், திரை உறையும், அதுவரை அடித்ததெல்லாம் கோவிந்தா.

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி விற்பனையாளர். வாய் நிறையச் சர்க்கரை. "மச்சான், நாலு கருவியையும் ஒண்ணா ஓட வெச்சுக் காட்டுங்க, உங்களைத் தலைல தூக்கி வெச்சு ஆடுறேன்" என்றார். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. ஒரு வாசலை நான்காகப் பிரிக்கும் பலகை ஒன்றை நானே வரைந்து, நானே பற்றவைத்தேன். நான்கு கருவிகளும் அதில் பக்கம்பக்கமாக நிற்கும், இடித்தாலும் ஆடாது. ஆனால் கம்ப்யூட்டரின் சொந்த அடாப்டருக்கு அவ்வளவு சுமை தாங்காது. அதனால் மின்சாரம் கொடுக்கத் தனியாக ஓர் இரும்புப் பெட்டி செய்தேன். சூடு வெளியேற அதன் மூடியைக் கழற்றியே வைத்திருந்தோம்.

மூடி இல்லாததால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் சுவர் சுவிட்ச் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றவர் மேஜைக்குப் பின்னால் போய், பெட்டிக்குள் கை விடுமுன் "அணைச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். "அணைச்சாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் கை உள்ளே போகலாம். பின்னால் இருப்பவருக்குத் திரை தெரியாது, பெட்டியில் விளக்கும் கிடையாது. பதிலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நாங்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பிறகு, பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடிய கூட்டத்துக்குப் போனோம். நான்கும் ஒன்றாக ஓடின. எல்லோரும் கைதட்டினார்கள். யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை மைக்கை வாங்கி, "நான்தாங்க. மச்சான் கூடமாட ஒத்தாசையா இருந்தாரு" என்றார். பலகையைத் தூக்கிக் காட்டியபடி நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் ஓரத்தில் அவர் பெயர் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

வயிறு எரிந்தது ஐயா, மறைப்பானேன். கடைக்காரன் ஏமாற்றினால் வேறு கடைக்குப் போகலாம். தங்கை புருஷனை என்ன செய்வது? தங்கையிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "விடுண்ணா. ஒரே குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன? அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்" என்றாள். எனக்கும் சந்தோஷம் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போலப் போனேன். சுவிட்ச் பக்கத்து நாற்காலியில் எப்போதும் அவர்தான் உட்காருவார். அன்று நான் முந்திக்கொண்டேன். மனதில் திட்டம் எதுவும் இல்லை. பெட்டிக்குள் ஒரு திருகு தளர்ந்திருந்ததே என்கிறீர்கள். தளர்த்தியது நான்தான். இறுக்கத் தெரிந்தவனுக்குத் தளர்த்தவும் தெரியும்.

திரையில் கம்ப்யூட்டர் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படத்தைச் சத்தமில்லாமல் வரைந்துகொண்டிருந்தது. பிரின்டர் மட்டும் அசையவில்லை. "உள்ள ஏதோ லூசா இருக்கு. நீங்க உக்காருங்க மச்சான், நானே பாக்குறேன்" என்று மாப்பிள்ளை பின்னால் போய்க் குனிந்தார்.

"அணைச்சாச்சா மச்சான்?"

"அணைச்சாச்சு."

சுவிட்சை நான் தொடவில்லை.

பெரிதாகச் சத்தம் வரவில்லை. மேஜை ஒருமுறை பலமாக அதிர்ந்தது. பழைய ரயில்பெட்டி ஏற்பாடாக இருந்தால் அந்த அதிர்வுக்கே எல்லாம் நின்றிருக்கும். என் பலகையில் ஒன்றும் ஆகவில்லை. கடைசி வட்டம்வரை வரைந்து முடித்தது. முடிந்த பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். பழைய சாமான், எப்போது கடிக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணன் செய்ய வேண்டிய காரியங்கள் ஒன்றுவிடாமல் செய்தேன்.

கேள்வியையும் பதிலையும் சமையலறையிலிருந்து கேட்டதாகத் தங்கையே உங்களிடம் வந்து சொன்னாளாமே. அணைத்த பெட்டி எப்படி ஆளைக் கொல்லும் என்றும் கேட்டாளாம். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளை செய்ததைவிட இது அதிகமாக வலிக்கிறது.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சற்றுமுன் என்னைப் பார்த்துத் துரோகி என்றீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. அந்த வீட்டில் துரோகம் செய்யாதவன் நான் ஒருவன்தான். வேறு யார் வார்த்தையை நம்பி மாப்பிள்ளை அந்தப் பெட்டிக்குள் கை விட்டிருப்பார்?